கையை விடச் சொன்னவன்

இறந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை விட்டுவிட்டு என்னுடன் வரும்படி அவரை அழைத்தவன் நான். வராவிட்டால் வேலை போகும் என்றும் சொன்னேன். அவர் வந்தார். நாங்கள் போன சற்று நேரத்தில் அந்த மனிதர் பக்கத்தில் யாருமில்லாமல் இறந்தார். பழி முழுவதும் கையை விட்டவர் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

முப்பது வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் எனக்கு வந்த நுரையீரல் நோயைப் பற்றி, இதேபோல் பயந்து கிடப்பவர்களுக்கு உதவும்படி எழுதுங்கள் என்று என் மகள் பியூலா சொன்னாள். எழுத உட்கார்ந்தால் இதைத் தாண்டி எதுவும் எழுத வரவில்லை. ஆகவே இதை முதலில் சொல்லிவிட்டேன்.

அப்போது நான் தெலுங்கு பேசும் ஊரில், ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மல்காஜ்கிரியில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் செயலாளர். சபையில் பெரும்பாலும் ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பங்கள், முக்கால்வாசி திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். உடம்புக்கு வந்தால் எல்லோரும் போவது ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு. தெலுங்கு வராத பெண்கள் எங்கே வலிக்கிறது என்று நர்ஸிடம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டிருப்பார்கள். அதனால் சபையில் பணம் திரட்டி அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சாப்ளினை வைப்பது என்று முடிவு செய்தோம்.

சாப்ளின் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. கோவிலுக்கு வருகிறவர்களைப் பார்ப்பவர் போதகர். வரமுடியாதவர்கள் இருக்கிற இடத்துக்குத் தானே போகிறவர் சாப்ளின். ஆஸ்பத்திரி, சிறை, கப்பல், ராணுவ முகாம் என்று அவருடைய கோவில் வேறு. பிரசங்கம் குறைவு, உட்கார்ந்திருப்பது அதிகம். எங்களுக்குக் கிடைத்தவர் ஞானதுரை ஐயா. இறையியல் படித்தவர், ஆனால் குருப்பட்டம் பெறாதவர். அதனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் நிறுத்துவதும் எங்கள் கமிட்டியின் கையில் இருந்தது.

அவர் பொறுப்பேற்ற ஞாயிறன்று அந்த வார்த்தையின் பொருளை விளக்கிப் பேசியது நான்தான். லத்தீனில் மேலங்கிக்கு 'கப்பெல்லா' என்று ஒரு சொல் உண்டு. பழைய ரோமாபுரிப் படைவீரர் ஒருவர், குளிர்காலத்தில் ஊர் வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார். மீதிப் பாதியைப் பிற்காலத்தில் புனிதப் பொருளாக வைத்துக் காத்தார்கள். அதை வைத்திருந்த சிறு கட்டடத்துக்கும் அதைக் காத்துவந்த குருமாருக்கும் அந்த அங்கியின் பெயரே வந்தது. சாப்பல், சாப்ளின் இரண்டும் அப்படி வந்தவை. "சாப்ளின் என்றால் அங்கியைக் காப்பவர்" என்று முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று மத்தியானம் சாப்பிடும்போதுகூட என் பேச்சை நானே மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஆறேழு மாதத்தில் புகார் வர ஆரம்பித்தது. "நம்ம காசுல வச்ச ஐயா நம்ம ஆளுகளைத் தவிர ஊர்ல உள்ள எல்லாரையும் பாக்காரு" என்றார்கள். உண்மைதான். தமிழ் ஆட்களைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்துக் கட்டிலுக்கும் போவார். அந்தக் கட்டிலில் யார், என்ன மொழி, என்ன மதம் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. எனக்கு அது பொருட்டாக இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்காக நாம் சேர்த்தது வெளியே போகிறது என்று நினைத்தேன். அந்நிய ஊரில் கூட்டமாக வாழ்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வெகு சீக்கிரம் வந்துவிடும்.

ஒரு நாள் எங்கள் சபைப் பொருளாளருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. சாதாரண அறுவைதான். மத்தியானம் நான் பார்க்கப் போனபோது அவர் கோபத்தில் இருந்தார். "காலைலேருந்து கிடக்கேன், ஐயா எட்டிக்கூடப் பாக்கலை. யாரு வீட்டுப் பணத்துல வேலை பாக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

கீழ்த்தளத்து வார்டில் ஞானதுரை ஐயா ஒரு நோயாளியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உருது பேசுகிற கூலித் தொழிலாளி, கல்லீரல் முற்றிலும் கெட்டவர். அவர் மனைவி மகளை அழைத்து வரப் போயிருந்தாள். நான் வரும்வரை கையை விடாதீர்கள் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஐயா அதை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்தம்மா வந்த உடனே வந்துருதேன், சார்."

"இப்பவே வரணும். இல்லைன்னா இந்த மாசத்தோட நீங்க இங்க இருக்கப் போறதில்லை."

அவருக்கு அப்போது ஐம்பது வயது. கல்யாணமாகாத இரண்டு பெண்கள். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த மனிதரின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வை மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார். மாடியில் பொருளாளருக்காக நீளமாக ஜெபம் செய்தார். நாங்கள் இறங்கி வந்தபோது திரை இழுக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் ஐயாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஏன் விட்டாய், ஏன் விட்டாய் என்று கேட்டாள். வார்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், சாப்ளின் பொறுப்பில்லாமல் நடந்ததாக ஆஸ்பத்திரியில் பேச்சு இருக்கிறது என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. அவரை நிறுத்தினோம். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையின் கேட்டில், ஷிப்டுக்கு வருகிறவர்களைக் கவனிக்கும் வேலை பார்த்துப் பெண்களைக் கட்டிக்கொடுத்தார். சபையையும் விடவில்லை. இத்தனை வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே வரும்போது "என்ன செக்ரட்டரி, சௌக்கியமா?" என்று கேட்பார். நான் செயலாளர் பதவியை விட்டு இருபது வருடம் ஆன பிறகும் அவருக்கு நான் செக்ரட்டரி. சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன்.

இனி நோய்.

முதலில் மூச்சு வாங்கியது. வீட்டு மாடிப்படியில் நடுவில் நின்று, சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தேன். என் மனைவி எமிலி கீழிருந்து, "அந்தச் சுவரை நேத்தும் பாத்திய, முந்தாநாளும் பாத்திய. வாங்க டாக்டர்ட்ட போவோம்" என்றாள். சாயங்காலம் லேசான காய்ச்சல். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் கறுப்பாகத் தெரிந்தது. அப்படித்தான் தெரிய வேண்டும், ஏனென்றால் காற்று கறுப்பாகத் தெரியும். இடது பக்கம் பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளை. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே உராயாமல் இருக்க ஒரு ஸ்பூன் நீர்தான் இருக்குமாம். எனக்கு அது குடத்தளவு பெருகி நுரையீரலை மேலே அமுக்கிவிட்டிருந்தது. நீர் ஏன் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. என் வயதில், உடம்பு இளைத்திருக்கும்போது, டாக்டர்கள் முதலில் நினைப்பது புற்றுநோயை. அவர்கள் வாயால் சொல்லவில்லை. "எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்றார்கள்.

பளபளப்பான ஒரு பெரிய மருத்துவமனையில்தான் முதலில் பார்த்தோம். இரண்டாம் நாள் மாலை பியூலா பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் பார்க்காதபடி அதைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ஆரஞ்சுப் பழங்களை வைத்தாள். மறுநாள் என் மருமகன் விசாரித்து வந்து சொன்னார்: நுரையீரலுக்கு நல்ல டாக்டர் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், செலவும் பாதியாகும். முப்பது வருடமாக அந்தப் பக்கமே போகாதவன் நான். யாராவது அங்கே படுத்திருந்தால் எமிலியை அனுப்பிவிட்டு எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லுவேன். இப்போது ஆம்புலன்ஸில் படுத்தபடி அதன் வாசலைக் கடந்தேன்.

கட்டடம் மாறியிருந்தது. மருந்து வாடை மாறவில்லை.

நீரை எடுக்கிற முறை இப்படி. கட்டிலில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மேஜையில் தலையணை போட்டுக் குனிந்து கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே வேறொரு ஊசி. வலியைவிட அமுக்கம்தான் தெரியும். வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. அதில் புற்றுநோய் அணுக்கள் இல்லை என்று முடிவு வந்தபோது எமிலி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "நீரில் இல்லைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும்." அதற்குள் நீர் மறுபடி ஊறியது. விலாவில் ஒரு குழாய் செருகி, அதன் முனையைக் கீழே தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலுக்குள் விட்டார்கள். நான் மூச்சு விடும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தூக்கினால் அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிவிடும். கக்கூஸுக்குப் போனாலும் அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, இட்ஸ் லைக் யுவர் பெட் டாக். வாக்கிங் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் சேர்ந்தாற்போல் இரண்டு தமிழ் வார்த்தை பேசியது அன்றுதான்.

குனிய முடியாததால் கால் நகம் வளர்ந்து போர்வையில் மாட்டியது. என் மருமகன் அதிகம் பேசாதவர். ஒரு நாள் ஆபீஸிலிருந்து நேராக வந்தவர், ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் நகங்களை வெட்டினார். வெட்டின துண்டுகளைக் காகிதத்தில் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "வரேன் மாமா" என்று போய்விட்டார். அந்த நாட்களில் நான் அழுதது அப்போது ஒருமுறைதான்.

இரவுகளில் மாத்திரை தூங்க வைத்துவிடும். எனக்குப் பயம் வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. பார்வையாளர்கள் வருவதற்கு முன்னால், ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து வரும் நேரம். இதே ஊரில், இதே வளாகத்தில், ஒருவரை நான் தனியாகச் சாக விட்டேன் என்பது அப்போதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி ஒரு நாலு மணிக்குத்தான் சுஜாதா வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும் தெலுங்குப் பெண். கழுத்தில் அடையாள அட்டை. "அங்கிள், நான் இந்த வார்டு சாப்ளின். கொஞ்சம் உட்காரலாமா?" என்றார்.

"வேண்டாம்மா."

"சரி. நாளைக்கும் கேட்பேன். நாளைக்கும் வேண்டாம்னு சொல்லலாம், தப்பில்லை."

மறுநாளும் வேண்டாம் என்றேன். அவர் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். அங்கே காசிம் பாய் இருந்தார். மல்லாபூர்ப் பட்டறைகளில் வாழ்நாள் முழுவதும் இரும்பு கடையும் லேத் இயந்திரம் ஓட்டியவர், பீடியும் இரும்புத் தூளும் சேர்ந்து நுரையீரலை அரித்திருந்தது. காற்றை அழுத்தமாக உள்ளே தள்ளுகிற முகமூடி ஒன்றை அவருக்கு மாட்டியிருந்தார்கள். அது உயிரைக் காக்கிற கருவி, ஆனால் மாட்டிக்கொண்டவருக்கு யாரோ முகத்தை அமுக்குவது போல இருக்கும். பீதியில் பிடுங்கி எறிந்துவிடுவார். யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் பிடுங்க மாட்டார். பெரும்பாலும் அவர் மனைவி ரஹீமா பிடித்துக்கொண்டிருப்பார். அவர் மருந்து வாங்கவோ தொழவோ போகும்போது சுஜாதா பிடித்துக்கொள்வார்.

எனக்குத் துணுக்கு எடுக்க வேண்டிய நாள். காலையிலிருந்து பட்டினி. ரஹீமா மருந்துக்குப் போயிருந்தார். சுஜாதா பாயின் கையைப் பிடித்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. பிரசவ வார்டில் ஒரு குழந்தை இறந்து பிறந்துவிட்டது, தாய் யாரையும் கிட்டே விடவில்லை, உடனே வர வேண்டும். சுஜாதா பாயைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். நர்ஸ்கள் இருவரும் வேறொரு நோயாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் பிடிச்சுக்கறேம்மா" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாட்டிலைக் கால்களுக்கு நடுவில் தரையில் வைத்தேன். சுஜாதா பாயின் கையைத் தன் கையிலிருந்து என் கைக்கு மாற்றிவிட்டு ஓடினார். விரல்கள் தடித்து, எண்ணெய்க் கறுப்பு ரேகைக்குள் ஏறிப்போன கை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சக்கர நாற்காலியோடு ஆள் வந்தார். "தாத்தா, தியேட்டர்ல கூப்பிடறாங்க."

"இவர் வீட்டம்மா வரட்டும்."

நர்ஸ் வந்தார். "அங்கிள், டாக்டர் வெயிட் பண்றார். இன்னிக்கு விட்டா திங்கட்கிழமைதான்."

"திங்கட்கிழமை போறேன்."

"உங்களுக்கு என்ன நோய்னு தெரிய வேண்டாமா?"

"திங்கட்கிழமை தெரிஞ்சா போதும்மா."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ரஹீமா வந்து சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் பாயின் முகமூடியைச் சற்று விலக்கி உதட்டில் தண்ணீர் வைத்தார். பாய் என் பக்கம் திரும்பி முதல்முறையாகப் பேசினார். "கைக்கு இத்னா ஜோர்சே பக்டே மியா?" எதற்கு இவ்வளவு இறுக்கிப் பிடித்தீர் என்று கேட்கிறார். கையை உதறிக் காட்டினார். மரத்துப் போய்விட்டதாம். "நான் எங்கே ஓடிப்போகப் போறேன்?" ரஹீமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். காசிம் பாய் சாகவில்லை. எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போனார். போகும்போது என் பாட்டிலைப் பார்த்து, "எண்ணெயா? சமையலுக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை சுஜாதா வந்தபோது நானே உட்காரச் சொன்னேன். முப்பது வருடத்துக் கதையைச் சொன்னேன். ஒளிக்காமல் சொல்கிறேன்: அன்று கையை விட்டேன், இன்று கையை விடவில்லை, கணக்கு நேராகிவிட்டது என்கிற மாதிரிதான் சொன்னேன். கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் முழுவதும் கேட்டார்.

"அந்த ஐயா இப்ப இருக்காரா, அங்கிள்?"

"இருக்கார். எங்க சபையிலதான். கடைசி பெஞ்சில."

"ஓ" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும் முன் என் போர்வையை இழுத்துக் குழாயின் மேல் படாமல் சரிசெய்தார்.

திங்கட்கிழமை துணுக்கு எடுத்தார்கள். முடிவு வரக் காத்திருந்த நாட்களில் ஒரு தீர்மானம் செய்தேன். புற்றுநோய் என்று வந்தால் ஐயாவை வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது. படுக்கையில் கிடக்கிற மனிதனை யார் கடிந்துகொள்வார்கள்?

முடிவு வந்தது. காசநோய். சவ்வில் மட்டும் பிடித்த காசநோய், இருமி அடுத்தவருக்குப் பரவாத வகை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சிரித்தார். பியூலா வராந்தாவுக்குப் போய் நின்று அழுதாள். எமிலி என் தலைமாட்டில் முழங்காலிட்டாள். காசநோய் வந்ததற்காக ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டதை அந்த வார்டு பார்த்தது.

எனக்கு மட்டும் வேறொன்று புரிந்தது. சாகப் போகிறவன் சொல்வது சுலபம். சொன்ன பிறகு அவன் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. நான் இனி எத்தனை ஞாயிறுகள் அதே கோவிலுக்குப் போக வேண்டும். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஒரு பகல் முழுவதும் எண்ணினேன். சாயங்காலம், மூச்சுப் பயிற்சிக்காகக் கொடுத்த குழலை உறிஞ்சி மூன்று பந்துகளையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தபோது முடிவு செய்தேன். பிழைத்தவனாகவே சொல்வது. படுக்கையில் இல்லை, நின்றுகொண்டு.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நோயிலிருந்து எழுந்தவர் காணிக்கை செலுத்தி, முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும். எப்படிப் படுத்தேன், கடவுள் எப்படி எழுப்பினார் என்று சொல்வார்கள். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எமிலியிடம் முந்தின நாள் சொன்னேன்.

"ஏங்க, சாட்சின்னா சுகமானதைச் சொல்லணும். நீங்க என்னத்தையோ கிளறப் போறேங்கிய. பொருளாளர் வீட்டு ஆளுக இருப்பாக. நம்ம பியூலா அந்தக் கோவிலுக்கு வரணும்லா?"

"ஞானதுரை ஐயா பிள்ளைகளும் அந்தக் கோவிலுக்குத்தான் வந்தாங்க, எமிலி."

காலையில் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள்.

மூச்சு இன்னும் முழுதாக வரவில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சொன்னேன். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதியதைத்தான் சொன்னேன். அதோடு, ஞானதுரை ஐயாவைப் பற்றிச் சபை நம்பியது பொய், அது என்னால் வந்த பொய் என்றும் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. பொருளாளர் முன்பே காலமாகிவிட்டார், அவர் மகன் எழுந்து வெளியே போனார். இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அது அவர் உரிமை.

ஆராதனை முடிந்ததும் வேப்ப மரத்தடியில் ஐயா நின்றிருந்தார். எண்பது வயது. தோளில் பழுப்பு நிறச் சால்வை. நான் போய் நின்றேன்.

"என்ன செக்ரட்டரி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அங்ஙன ஏறியிருக்கக் கூடாதா?"

அதை நான் நினைக்கவே இல்லை. இரண்டாம் முறையாக அவரைக் கேட்காமல் அவரைப் பற்றிச் சபையில் பேசியிருந்தேன்.

"நீங்க சொன்னதுல பாதிதான் உண்மை" என்றார். "கூப்பிட்டது நீங்க. கையை விட்டது நான். வேலை போயிரும்னு பயந்து விட்டேன். என் பயத்தையும் சேத்து நீங்களே எடுத்துக்கிடப் பாக்கிய. அது என்னோடது, விட்டுருங்க."

"அந்தம்மா?"

"அடுத்த வாரமே அவுக வீட்டுக்குப் போனேன். நான்தான் விட்டேன்னு சொன்னேன். டீ போட்டுத் தந்தாக. அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டாக. தண்ணி கேட்டாரு, குடுத்தேன், உங்க பேரைச் சொன்னாருன்னு சொன்னேன். அதை ரெண்டு தடவை சொல்லச் சொன்னாக. இப்ப அவுகளும் இல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அது வேற. அதுக்கு நாளாகும்" என்றார். "எனக்கு வயசு எம்பது. சீக்கிரம் ஆகாட்டா நான் பொறுப்பில்லை." சிரித்தாரா என்று தெரியவில்லை. கொஞ்சம் நடந்து போனவர் திரும்பி வந்தார். "ஒண்ணு செய்யலாம். அந்த ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியளா? அன்னைக்கு வெளிய வந்தவன், இன்னும் உள்ள போகலை. போகக் கூச்சமா இருக்கு."

சுஜாதாவிடம் பேசினேன். அவர் ஆஸ்பத்திரியில் பேசி, வியாழக்கிழமை மத்தியானங்களில் ஐயா தன்னோடு வரலாம் என்று அனுமதி வாங்கித் தந்தார். முதல் வியாழன் ஆட்டோவில் போனோம். வார்டு வாசலில் கை கழுவச் சொன்னார்கள். வெளித் துணி எதுவும் உள்ளே கூடாது என்று நர்ஸ் அவருடைய சால்வையைக் காட்டினார். ஐயா அதை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினார்.

"வச்சுக்கிடுங்க செக்ரட்டரி. வெட்டிராதிய, முழுசாத் திருப்பித் தரணும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பொறுப்பேற்ற ஞாயிறன்று நான் பேசியதை அவர் மறக்கவே இல்லை. அதற்குள் உள்ளே போய்விட்டார்.

அவருக்கு மன்னிக்க நாளாகிறது. நான் மறுபடி கேட்கவில்லை. வியாழக்கிழமை தவறாமல் போகிறோம். வார்டுக் கதவருகே ஒரு பெஞ்ச் இருக்கிறது. சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடி வழியாக, அவர் ஏதோ ஒரு கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போடுவது தெரியும். போன வாரம் எங்கள் சபையார் ஒருவர் படியிறங்கி வந்தார். மாடியில் அவருடைய மச்சானுக்குக் கால் கட்டு, ஐயா வந்து ஒரு ஜெபம் செய்தால் நன்றாக இருக்கும், ஒரு நிமிஷம் கூப்பிடுங்கள் என்றார்.

"உள்ள ஒருத்தர் கையைப் பிடிச்சிட்டு இருக்கார்" என்றேன். "அவரே வருவார். நீங்க உக்காருங்க."

பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தேன்.